பயத்தை அழிக்க மாத்திரை உண்டா? விபத்துக்குப் பிறகு எந்த மருந்து என்ன செய்யும்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பதினோரு நாட்களுக்கு முன் அவன் ஓட்டிச் சென்ற காரின் பக்கவாட்டில் ஒரு லாரி மோதிவிட்டது. வலது கையில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு வீட்டில் இருக்கிறான். இரவில் பதறி எழுகிறான். லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. மோதிய நொடி அப்படியே கண்முன் நிற்கிறது என்கிறான். ஆனால் ஆம்புலன்ஸில் போனது சுத்தமாக நினைவில்லை. அப்படியிருந்தும் சைரன் சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. தூங்குவதற்காக அம்மாவின் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை ஏழு இரவாகக் கொடுத்து வருகிறோம். இரண்டு நாள் நண்பர்களோடு மதுவும் குடித்திருக்கிறான். அப்பாவிடம் புரோப்ரனலால் 40 மில்லிகிராம் இருக்கிறது. அது கெட்ட நினைவை அழித்துவிடும் என்று அத்தை மகன் படித்துவிட்டுச் சொல்கிறான். கொடுக்கலாமா? மருத்துவமனையில் முதல் நாளே கொடுத்திருந்தால் இந்தப் பயம் வந்தே இருக்காதா?

பதில்: அப்பாவின் புரோப்ரனலாலைக் கொடுக்க வேண்டாம். அம்மாவின் அல்பிரசோலத்தையும் இனி வீட்டு முடிவாகத் தொடர வேண்டாம். இரண்டொரு நாளில் மருத்துவரிடம் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் ஒரு சொட்டு மதுவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்து உண்டு. முதல் நாளில் எதையோ தவறவிட்டோமோ என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்து, பின்னாளில் பயம் தங்காமல் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க மருந்து இன்றுவரை கிடையாது.

மற்றதற்குப் போகுமுன் அவசரமான ஒன்று. ஆம்புலன்ஸ் பயணம் நினைவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தலையில் அடி பட்டிருக்கலாம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே மிடசோலம் போன்ற மயக்க ஊசி போட்டிருக்கலாம். அல்லது அதிர்ச்சியில் கவனம் சிதறி, பதிவே சரியாக விழாமல் போயிருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தலைக்காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஸ்கேன் எடுத்தார்களா, என்ன ஊசி போட்டார்கள் என்று பாருங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில நாள், சில வாரம் கழித்துக்கூட அறிகுறி காட்டும். தலைவலி நாளுக்கு நாள் கூடுதல், வாந்தி, பகலிலும் எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தூக்க மாத்திரையின் முதல் ஆபத்தே இந்த மயக்கத்தை ‘நன்றாகத் தூங்குகிறான்’ என்று நம்மை நினைக்க வைப்பதுதான்.

இனி நினைவு. ‘பய நினைவு’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஒன்றல்ல. என்ன நடந்தது, எங்கே, எந்த வரிசையில் என்று வாயால் சொல்லக்கூடிய நினைவுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வேண்டும். ‘இந்தச் சத்தம் வந்தால் ஆபத்து’ என்று உடம்புக்குக் கற்றுத் தரும் நினைவு அமிக்டலா என்ற இன்னொரு பகுதியில் உருவாகிறது. 1995இல் நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோவின் குழுவினர் இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்கள். அமிக்டலா சேதமான ஒருவருக்கு, எந்த நிறத்துக்குப் பிறகு திடுக்கிடும் ஹாரன் ஒலித்தது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தது. ஆனால் அந்த நிறத்தைக் கண்டபோது உள்ளங்கை வியர்க்கவில்லை. ஹிப்போகேம்பஸ் சேதமான இன்னொருவருக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் தம்பி சைரனுக்கு வியர்ப்பதும் இதைச் சேர்ந்ததுதான். பயணக் கதை ஹிப்போகேம்பஸில் பதியாமல் போயிருக்கலாம். சத்தத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள முடிச்சு விழுந்துவிட்டது. அவன் நடிக்கவுமில்லை, எதையும் மறைக்கவுமில்லை.

இதிலிருந்து மருந்து பற்றிய முக்கியமான பாடம் ஒன்று கிடைக்கிறது. ஒரு மருந்து கதையை மறக்கடிப்பதாலேயே பயத்தையும் எடுத்துவிட்டதாக ஆகாது. பயத்தைத் தணிக்கும் மருந்து கதையை அழிக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த மாத்திரையைப் பற்றியும் ‘நினைவை அழிக்கும்’ என்று கேள்விப்பட்டால், இந்த இரண்டில் எதை என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அடுத்தபடியாக, எந்த நேரத்தில் கொடுத்தால் என்று கேளுங்கள். மருந்தின் பெயரைவிட அது உடம்புக்குள் போகும் நேரம்தான் இங்கே அதிகம் தீர்மானிக்கிறது.

அதிர்ச்சியான நிகழ்வின்போது அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் கொட்டுகிறது; மூளைக்குள் அதே வகை வேதிப்பொருளான நார்அட்ரினலின் பெருகுகிறது. நார்அட்ரினலின் அமிக்டலாவில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளைத் தட்டி, ‘இதைக் கெட்டியாகப் பதி’ என்ற சமிக்ஞையை ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளுக்கு அனுப்பச் செய்கிறது. பதிவு அந்த நொடியிலேயே முடிந்துவிடுவதில்லை. நரம்பணுக்களில் புதிய புரதங்கள் உருவாகி, இணைப்புகள் வலுப்பட்டு நிலைக்கப் பல மணி நேரம் ஆகும். அடுத்து வரும் தூக்கமும் அதில் பங்கெடுக்கிறது. இந்தச் சில மணி நேரந்தான் மருந்தால் குறுக்கிட முடியும் என்று ஆய்வாளர்கள் நம்பிய வாசல்.

புரோப்ரனலால் அந்த பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்து. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் நுழையும். இதயத்துக்குக் கொடுக்கும் எல்லா பீட்டா தடுப்பிகளும் அப்படி நுழைவதில்லை. 1994இல் ஆய்வாளர்கள் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோரின் குழு ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு சிறுவனைப் பற்றிய கதையைப் படங்களுடன் காட்டியது. ஒரு வடிவத்தில் சாதாரண நாள். இன்னொன்றில் அவனைக் கார் மோதி அறுவை சிகிச்சை நடக்கிறது. கதைக்கு முன் 40 மில்லிகிராம் புரோப்ரனலால் எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சாதாரணப் பகுதிகள் வழக்கம்போல நினைவிருந்தன. கதையின் அதிர்ச்சியான பகுதி மட்டும் மற்றவர்களுக்குப் பதிந்த அளவு கூடுதலாகப் பதியவில்லை. கவனியுங்கள்: மறக்கவில்லை, உணர்ச்சியால் வரும் கூடுதல் அழுத்தம்தான் போனது. மாத்திரையும் கதைக்கு முன்பே உள்ளே போயிருந்தது.

நிஜ விபத்தில் யாரும் முன்கூட்டி மாத்திரை போட்டுக்கொண்டு வருவதில்லை. 2002இல் ரோஜர் பிட்மனின் குழு, அதிர்ச்சி நடந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நான்கு முறை, பத்து நாள் கொடுத்துப் பார்த்தது. மூன்று மாதம் கழித்து விபத்தை நினைவூட்டியபோது அவர்களின் உடம்பு குறைவாகப் பதறியது. அதனால் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் கனவு, தவிர்ப்பு, பதற்றம் என்று நோயாகக் கணக்கிடும் அறிகுறிகளில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. 2007இல் காயமடைந்த 48 பேரிடம் புரோப்ரனலால், வலிப்புக்குக் கொடுக்கும் கபாபென்டின், மருந்தில்லாப் போலி மாத்திரை மூன்றையும் 14 நாள் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. 2012இல் நாளுக்கு 240 மில்லிகிராம் வரை உயர்த்திப் பார்த்தும் முடிவு அதேதான்.

ஏன் தோற்றது என்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. விழுங்கிய புரோப்ரனலால் ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஒன்று முதல் நான்கு மணி நேரம் ஆகிறது. நார்அட்ரினலின் வெள்ளம் மோதிய நொடியிலேயே வந்துவிட்டது. ஆய்வகத்தில் காட்டுவது படக்கதை, கொடுப்பது மெல்லிய மின்தூண்டல். லாரி மோதுவது அந்த அளவில் நிற்பதில்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கல், உள்ளே ரத்தம் கசிந்தால் இதயம் வேகமாகத் துடிப்பதுதான் மருத்துவர்களுக்கு முதல் எச்சரிக்கை. இந்த மருந்து அதை மறைக்கும். ஆகவே உங்கள் தம்பிக்கு அன்று அதைக் கொடுக்காதது அலட்சியம் அல்ல, சரியான வைத்தியம்.

அல்பிரசோலம் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பல குடும்பங்கள் அன்போடு செய்கிற, நல்லதென்று முழுமனதாக நம்புகிற காரியம் இது. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபின் வகை. மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பதற்றம் இறங்கும், அது பொய்யில்லை. ஆனால் நினைவின் மீது இவற்றின் தாக்கம் ஒரே திசையில்தான்: மாத்திரை போட்ட பிறகு நடப்பது மங்கலாகப் பதியும். அதற்கு முன்பு நடந்ததை இவை அழிப்பதில்லை. பதினோரு நாளுக்கு முந்தைய மோதலை நேற்றிரவு போட்ட மாத்திரை தொடக்கூட முடியாது. அது மங்கச் செய்வது இந்த வாரத்தில் தம்பியின் மூளை கற்றுக்கொள்ள வேண்டிய புதிய பாடத்தை: ஹாரன் கேட்டது, ஒன்றும் ஆகவில்லை, இருட்டில் விழித்தேன், வீட்டில்தான் இருக்கிறேன்.

பயம் குறைவது பழைய நினைவு கரைவதால் அல்ல. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற இன்னொரு நினைவு அதன்மேல் உருவாகி, மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அடக்கக் கற்பதால். அதுவும் ஒரு பதிவுதான். அதற்கும் விழிப்பான மூளையும் நல்ல தூக்கமும் வேண்டும். பென்சோடயசெபின் கண்ணை மூட வைத்தாலும் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கிறது. இன்னும் ஒன்று: மருந்தின் மிதப்பில் கற்ற தைரியம் மருந்தோடு கட்டுண்டு கிடக்கும். மருந்து இல்லாத நாளில் மூளை பழைய பயத்தையே எடுத்துக் கொடுக்கும்.

1997இல் வில்ஹெல்ம், ராத் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. விமானப் பயணத்துக்கு அஞ்சும் 28 பெண்களில் பாதிப் பேருக்குப் பயணத்துக்கு முன் 1 மில்லிகிராம் அல்பிரசோலம், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. முதல் பயணத்தில் அல்பிரசோலம் எடுத்தவர்கள் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார்கள். பீதித் தாக்கு வந்தவர்கள் 7 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து யாருக்கும் மருந்தில்லாமல் மறுபடி பறந்தார்கள். அல்பிரசோலம் குழுவில் பீதித் தாக்கு 71 சதவீதத்துக்கு எகிறியது. போலி மாத்திரை எடுத்தவர்களிடம் அது முதல் பயணத்தில் 43 ஆக இருந்து 29 ஆகக் குறைந்திருந்தது. முதல் நாள் தவித்தவர்கள் எதையோ கற்றார்கள், தவிக்காதவர்கள் கற்கவில்லை.

விபத்துக்குப் பின் முதல் வாரங்களில் இவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. ஆனால் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. 1996இல் அல்பிரசோலமோ குளோனசெபாமோ எடுத்த 13 பேரில் ஒன்பது பேருக்கு ஆறு மாதத்தில் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. எடுக்காத 13 பேரில் மூன்று பேருக்கு. அது குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வு அல்ல என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2002இல் குலுக்கல் முறையில் ஏழு இரவு அதே வகையைச் சேர்ந்த டெமசெபாம் கொடுத்துப் பார்த்தபோதும் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ பென்சோடயசெபின் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஏழு இரவு 0.5 மில்லிகிராம் என்பது குறைந்த அளவு, குறுகிய காலம். பெரும்பாலும் சிக்கலில்லாமல் நிறுத்திவிடலாம். இருந்தாலும் மருத்துவர் சொல்லட்டும். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு இரவு தூக்கம் முன்னைவிட மோசமாகும், கனவுகள் கூடும். அது மருந்து விலகுவதன் எதிர்வினை. பயம் முற்றிவிட்டது என்று எண்ணி மறுபடி மாத்திரையைக் கையில் எடுக்காதீர்கள். இங்குதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவேளை அவன் உங்களுக்குத் தெரியாமல் கூடுதலாக, அதிக நாள் எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அப்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அம்மாவையும் மறக்க வேண்டாம். அவர் அதைத் தினமும் எடுப்பவர் என்றால், தம்பிக்குக் கொடுத்ததால் அவருக்கு மாத்திரை குறைந்து நடுவில் விட்டுப்போகும் நிலை வரக் கூடாது.

மது விஷயத்தில் அவனைத் திட்டுவதைவிட உள்ளதைச் சொல்லுங்கள். 2010இல் நடந்த ஓர் ஆய்வில் மது குடித்துவிட்டு விபத்துக் காட்சிகளைப் பார்த்தவர்களில், குறைந்த அளவு குடித்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் அடுத்த நாட்களில் குடிக்காதவர்களைவிட அதிகமாகத் தானாக வந்து தொல்லை கொடுத்தன. இடம், வரிசை என்று கதையை ஒழுங்காகக் கட்டும் ஹிப்போகேம்பஸை மது முதலில் சாய்க்கிறது; பயத்தின் துண்டுகள் கட்டில்லாமல் மிதக்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். பின்னிரவில் தூக்கத்தை உடைப்பதும் மதுவின் வேலைதான்.

மருத்துவமனையில் கொடுத்த வலி மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நீங்கள் இன்று செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2010இல் ஈராக்கில் காயமடைந்த 696 அமெரிக்க வீரர்களின் பதிவுகளைப் பார்த்ததில், பின்னாளில் பி.டி.எஸ்.டி. வராதவர்களில் 76 சதவீதம் பேருக்கும் வந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கும் ஆரம்ப சிகிச்சையில் மார்ஃபின் கொடுக்கப்பட்டிருந்தது. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வல்ல. ஆனால் வலி என்பது மூளைக்கு ஆபத்துச் சமிக்ஞை. அது அடங்காமல் இருக்கும்வரை விபத்து முடியவில்லை என்றே உடம்பு எண்ணும். தம்பிக்குக் கை வலி இரவில் எழுப்புகிறதா என்று கேளுங்கள். எழுப்பினால் எலும்பு மருத்துவரிடம் வலி மருந்தின் அளவையும் நேரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையால் தீராத பல இரவுகள் அதில் தீரும். கெட்டமைன் என்ற வலி ஊசி பற்றி முடிவுகள் முரண்படுகின்றன. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை முதல் ஆறு மணி நேரத்துக்குள் போட்டுப் பார்த்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. எப்படியிருந்தாலும் பதினோராம் நாளுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் அத்தை மகன் படித்தது பொய்யா? இல்லை, பாதி. 2000இல் கரிம் நாடர், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் கண்டது இது: உறைந்த பய நினைவை ஒருமுறை கிளறினால் அது கொஞ்ச நேரம் மறுபடி இளகுகிறது, அப்போது அமிக்டலாவில் புரத உருவாக்கத்தைத் தடுத்தால் பயம் திரும்பவில்லை. இதை மறுபதிவு என்கிறோம். 2009இல் நெதர்லாந்தில் மெரெல் கிண்ட் குழு மனிதர்களிடம் இதையே புரோப்ரனலால் 40 மில்லிகிராமோடு செய்தது. சிலந்திப் படத்துக்குப் பிறகு லேசான மின்தூண்டல். மறுநாள் மாத்திரை கொடுத்து அந்த நினைவைக் கிளறினார்கள். மூன்றாம் நாள் படத்தைப் பார்த்தபோது உடம்பு திடுக்கிடவில்லை. படத்துக்குப் பின் மின்தூண்டல் வரும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கதை நின்றது, நடுக்கம் போனது. நினைவைக் கிளறாமல் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை.

அழகான முடிவுதான். ஆனால் பிற்காலத்தில் அதே முறையை அப்படியே திரும்பச் செய்த ஆய்வுகள் பல தோற்றன. நினைவை எவ்வளவு கிளறினால் அது இளகும் என்பது மிக நுட்பமான கணக்கு. குறைவாகக் கிளறினால் எதுவும் நடக்காது. நீட்டினால் வேறு வகைக் கற்றல் தொடங்கிவிடும். பழைய, வலுவான நினைவு இளகவே மறுக்கலாம். 2018இல் அலன் ப்ரூனே குழு, நாள்பட்ட பி.டி.எஸ்.டி. உள்ள 60 பேருக்கு வாரம் ஒருமுறை, ஆறு வாரம் வரை, புரோப்ரனலால் கொடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பிறகு சம்பவத்தை எழுதவும் வாசிக்கவும் வைத்தது. போலி மாத்திரையைவிட நல்ல பலன் கிடைத்தது. இது ஆய்வில் இருக்கும் சிகிச்சை. எடைக்கேற்ற அளவு, நாடி, ரத்த அழுத்தச் சோதனை, பக்கத்தில் பயிற்சி பெற்றவர், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை. அப்பாவின் பட்டையிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பது அதில் எந்தப் பகுதியும் அல்ல. ஆஸ்துமா இருந்தால் இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே உலை வைக்கும். நாடி மெதுவாக உள்ளவர்கள், இதயத் துடிப்புக் கடத்தலில் தடை உள்ளவர்கள், ரத்த அழுத்தம் குறைந்தவர்களுக்கும் ஆகாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும் அறிகுறியை மறைக்கும். அப்பா தினமும் எடுப்பவரானால் அவருக்கு அது திடீரென நின்றுபோவதும் நெஞ்சுவலியில் முடியலாம்.

கற்றலைக் கூட்டும் மருந்துகளும் உண்டு. டி-சைக்ளோசெரின் என்ற காசநோய் மருந்தை, உயரத்துக்கு அஞ்சும் 28 பேரிடம், அஞ்சுவதையே எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சைக்கு முன் கொடுத்தபோது இரண்டே அமர்வில் நல்ல முன்னேற்றம் கிடைத்ததாக 2004இல் வெளியானது. அடுத்தடுத்த ஆய்வுகளில் பலன் மிகச் சிறிதாகச் சுருங்கியது. பி.டி.எஸ்.டி. உள்ள முன்னாள் படைவீரர்களிடம் 2012இல் செய்தபோது போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்கள் பின்தங்கினார்கள். காரணத்தை ஊகிக்க முடிகிறது: கற்றலைப் பெருக்கும் மருந்து எது கற்கப்படுகிறதோ அதைப் பெருக்கும். அமர்வு பயம் தணிந்து முடிந்தால் தைரியம் பெருகும்; பயம் உச்சத்தில் இருக்கும்போது முடிந்தால் பயமே பெருகும். நார்அட்ரினலினைக் கூட்டும் யோஹிம்பின் போன்றவை உடற்பயிற்சிக்கான சத்துப் பொடிகள், மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும். தம்பி அப்படி ஏதும் எடுத்தால் இப்போது நிறுத்தட்டும்.

சரி, இனி செய்ய வேண்டியது.

பதினோராம் நாளில் கனவு, திடுக்கிடல், தவிர்ப்பு எல்லாம் இருப்பது எதிர்பார்க்கக் கூடியதே. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் தானாகவே குறையும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்ற பெயரே வரும். அதுவரை சும்மா காத்திருக்க வேண்டும் என்றில்லை. ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ என்பார்கள். அந்த விலகல்தான் பயத்துக்குத் தீனி. காரையும் தெருவையும் ஹாரனையும் முழுக்கத் தவிர்க்க விடாதீர்கள்.

கை கட்டில் இருப்பதால் அவன் ஓட்டக் கூடாது; பயணியாகத் தொடங்கலாம். வலி அடங்கியிருக்கும் பகல் வேளையில், மாத்திரையின் மந்தம் இல்லாத நாளில், நிறுத்திவைத்த காரில் இன்ஜின் அணைத்து உட்காரட்டும். பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். அறுபதில் தொடங்கினால், அந்த எண் முப்பதுக்குப் பக்கத்தில் வரும்வரை காரைவிட்டு இறங்க வேண்டாம். முப்பது, நாற்பது நிமிடம்கூட ஆகலாம். உச்சத்தில் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும். மறுநாளும் அதே படி. எளிதானதும் இன்ஜினை ஓடவிட்டு. பிறகு வாகனம் குறைந்த தெரு. பிறகு லாரி போகும் சாலை. கடைசியில் விபத்து நடந்த இடம். வாரத்தில் நான்கைந்து நாள் செய்வது நல்லது. நடுவில் பத்து நாள் விட்டால் பயம் கொஞ்சம் திரும்பும். அது தோல்வியல்ல, ஒரு படி இறங்கி மறுபடி ஏறுங்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் சில இடங்களில்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதில் பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூளைக்குப் பாடம் போய்ச் சேராது. ‘பயமாக இருந்தால் போட்டுக்கொள்’ என்று சட்டைப் பையில் அல்பிரசோலம் இருந்தாலும் அப்படியே. பாதுகாத்தது மாத்திரை என்று ஆகிவிடும். வீட்டார் அவசரப்பட்டு முதல் நாளே விபத்து நடந்த சாலைக்குக் கூட்டிப் போவதும் உண்டு. அது கூடவே கூடாது. காரில் உட்காரும்போது அவன் சூழலை மறந்து விறைத்துப்போனாலோ, கூப்பிட்டால் பதில் இல்லாமல் வெறித்தாலோ அத்தோடு நிறுத்துங்கள்; அதற்கு மேல் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். வரும் உறவினர்கள் ஒவ்வொருவரும் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பதையும் தடுங்கள். அவனாகப் பேச விரும்பினால் இருந்து கேளுங்கள். கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

தூக்கத்துக்கு: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, மதியத்துக்குப் பிறகு காபி, டீ இல்லாமல் இருப்பது, பதறி எழுந்தால் விளக்கைப் போட்டு இன்றைய தேதியையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்வது. இரவு எழுந்ததும் கூட யாராவது இருப்பது இப்போதைக்குத் தவறில்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் குறையும் போக்கே தெரியாவிட்டால், அல்லது இப்போதே சாப்பிடவோ வெளியே வரவோ முடியாத அளவு இருந்தால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள். ஆரம்பக் கட்டத்தில் ஐந்தாறு அமர்வே பலருக்குப் போதும். நாள்பட்டால் எட்டு முதல் பதினைந்து. 2012இல் ஜெருசலேமில் நடந்த ஆய்வில் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து மாதத்தில் பி.டி.எஸ்.டி. இருந்தது சுமார் ஐந்தில் ஒருவருக்கு; எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோ போலி மாத்திரையோ எடுத்தவர்களில் பாதிக்கு மேல். நோய் உறுதியான பிறகு செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளுக்கு இடம் உண்டு. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். சாக வேண்டும் என்ற பேச்சோ, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணமோ எட்டிப் பார்த்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அம்மாவின் மாத்திரைகளையும் அப்பாவின் மாத்திரைகளையும் இன்றே பூட்டி வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, அல்பிரசோலம் கொடுத்த தேதிகளும் அளவும், மது குடித்த இரண்டு நாட்கள், இப்போது எடுக்கும் வலி மருந்தின் பெயர், ஆஸ்துமா உண்டா இல்லையா, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். யாராவது மறுபடி பென்சோடயசெபின் எழுதிக் கொடுத்தால், ‘விபத்து நடந்து ஒரு மாதம் ஆகவில்லை, இது இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.